அத்தானின் ஹனுக்காப் பாட்டு

லாசாலில் அக்கா வீட்டு யன்னலில் இரண்டு மெழுகுதிரிகள் எரிகின்றன. யூதரான டானியல் அத்தான் இறந்தபின் வரும் முதல் ஹனுக்கா, அவர்களின் விளக்குத் திருநாள். பிரெஞ்சு வகுப்புக்குப் போகாமல், அவர் கைபேசியில் சேர்த்திருந்த பாட்டுகளைத் தேடுகிறேன். ஒன்றுமில்லை.

“சீடியெல்லாம் இடத்தை அடைக்குதெண்டு குடுத்ததும் நான்தான். போன் பாட்டுகளுக்கு மாசக்காசு போற அவரின்ரை பாங்க் கார்டை நிப்பாட்டினதும் நான்தான், தம்பி.”

ஹனுக்காவை நான்கு விதமாக எழுத்துக்கூட்டித் தேடிவிட்டேன். வரும் ஒவ்வொரு பாட்டுக்கும் அக்கா இல்லையென்று தலையாட்டுகிறார். எழுத்தில் நான்தான் பிழைவிடுகிறேனோ?

“பேரைச் சொல்லுங்கோவன், அக்கா.”

“பேர் அவருக்குத்தான் தெரியும்.”

மெட்டைக் கேட்டுப் பாட்டைக் கண்டுபிடிக்கும் செயலியைத் திறந்து அக்காவின் வாயருகே பிடிக்கிறேன். மெட்டை முணுமுணுக்கிறார். பாதியில் நின்றுவிடுகிறார்.

“மிச்சம்?”

“மிச்சம் அவரெல்லோ பாடுறவர்.”

கைபேசி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.