வளையாத துண்டு

கவிழ்த்து வைத்த சைக்கிளின் பின்பக்கத்தில் மத்தியான வெயில் விழுகிறது. சக்கர அச்சு உட்காரும் இடத்தில் ஃப்ரேம் காகிதம் போலக் கிழிந்து கிடக்கிறது. அங்கே போல்ட் போட்டு முடுக்கிய இரும்புத் துண்டு மட்டும், பின் கியரைத் தாங்கிக்கொண்டு, ஒரு கீறலில்லாமல் நிற்கிறது. பார்க்கப் பார்க்க மெக்கானிக்குக்குக் காது மடல்வரை சூடேறுகிறது. போன மாதம் அந்த இடத்துக்கென்று அவள் அண்ணனிடம் கொடுத்தது விரல் நீள அலுமினியத் துண்டு. சைக்கிள் விழுந்தால் அது உடையும், ஃப்ரேம் பிழைத்துக்கொள்ளும். அண்ணன் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தானே இரும்பை அறுத்து மாட்டியிருக்கிறான்.

"உடையறதுக்குன்னே செஞ்ச துண்டுண்ணா அது! படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

"உடையற சாமானை எவனாவது மாட்டுவானா? இதப் பாரு, அசையல." ஸ்டூலில் கால்மேல் கால் போட்டிருக்கிறான். வாசலில் அவன் மகள் சைக்கிளோடு விழுந்து சிராய்த்த முழங்கையை ஊதிக்கொண்டிருக்கிறாள். வேலைக்குப் போக அவளுக்கு இருந்த ஒரே வண்டி இது.

"ஃப்ரேம் போச்சு. ஒட்டவும் முடியாது."

அண்ணன் தாடையைச் சொறிகிறான். "சரி, அந்தத் துண்டையாவது கழட்டிக் குடு. அடுத்த சைக்கிளுக்கு ஆகும்."

அவள் கழற்றுகிறாள். கொடுக்கவில்லை. இரும்புக் கட்டையில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, பெரிய சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடிக்கிறாள். தகரக் கூரை அதிர்கிறது. சுவரில் மாட்டிய சக்கரங்கள் கிணுகிணுக்கின்றன. கை மரத்துப்போய் நிறுத்தும்போது துண்டு அப்படியே இருக்கிறது.

"பாத்தியா?" என்கிறான் அண்ணன், மகளைத் திரும்பிப் பார்த்து.