ருங்கர் யாரு?

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கைவிலங்கைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்ட ஓர் ஆளின் கதை சொல்கிறேன்.

“இங்க ருங்கர் யாரு?” என்று இத்தாலியப் போலீஸ் சார்ஜன்ட் கேட்டு முடிப்பதற்குள் ஆம்ப்ரோஸ் எழுந்து இரண்டு கைகளையும் நீட்டிவிட்டார். “நான்தான். கம்பத்தைச் சாய்ச்சது நான்தான்.”

ஞாயிறு பூசை முடிந்து ஊர் ஆண்களெல்லாம் மதுக்கடையில் உட்கார்ந்திருந்த நேரம். இத்தாலி ஆண்டாலும் நாங்கள் பேசுவது ஜெர்மன். அணைக்கட்டு எங்கள் பள்ளத்தாக்கில்; மின்சாரம் போவதோ தெற்கே இத்தாலியர்களின் ஆலைகளுக்கு. அந்தக் கோபத்தில் யாரோ, மலைதோறும் தீ மூட்டும் திரு இருதயத் திருநாளில், தீயோடு தீயாக உயர்மின் கம்பத்துக்கும் வெடி வைத்துவிட்டார்கள். வைத்தது ருங்கர் என்று மட்டும் போலீசுக்குத் தகவல் போயிருந்தது.

எங்கள் பக்கம், காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் பண்ணையின் பெயர்தான் ஆளின் பெயர். ருங்கர் பண்ணை அவர் மனைவி சென்சியின் அப்பா வழி வந்தது. ஆம்ப்ரோஸ் ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்த வீட்டோடு மாப்பிள்ளை. கடையில் அவர் வாயைத் திறந்தாலே, “வீட்டம்மாகிட்ட கேட்டுட்டுப் பேசுங்க, மாப்பிள்ளை” என்பார்கள்.

இன்று யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் லோயிஸ் ஒரு கோப்பை சிவப்பு ஒயினை அவர் முன்னால் வைத்து, “குடிங்க, ருங்கர்” என்றார். ஆம்ப்ரோஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

“எப்படி வெச்சே?” அவர் கையில் விலங்கை மாட்டியபடி கேட்டார் சார்ஜன்ட். சிசிலிக்காரர், எங்கள் ஜெர்மனைக் கல் கடிப்பதுபோல் கடித்துப் பேசுவார்.

“உச்சி வரைக்கும் ஏறினேன். பல்லுல கத்தி.”

“கத்தி எதுக்கு?”

ஆம்ப்ரோஸ் யோசித்தார். “நாட்டுக்காக.”

“உள்ளே போனா, வெளிய வரும்போது தாடி நரைச்சிருக்கும். தெரியுமா?”

“நரைக்கட்டும்” என்றார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

அப்போதுதான் கோயிலிலிருந்து செய்தி கேட்டு ஓடிவந்த சென்சி, கூட்டத்தைத் தோளால் இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

“ஏறினாராமா? செர்ரி பறிக்க ஏணியைப் பிடிங்கன்னாலே இந்த மனுஷனுக்குத் தலை சுத்தும், ஐயா. வெடிச்சத்தம் கேட்டதும் பூனையோட கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துட்டார். நான் வந்துதான் காலைப் பிடிச்சு வெளிய இழுத்தேன். பூனைகூட அவருக்கு முன்னாலயே வந்துடுச்சு.”

கடையே குலுங்கிச் சிரித்தது.

“பொய் சொல்றா, ஐயா” என்று கெஞ்சினார் ஆம்ப்ரோஸ். “நான்தான் வெச்சேன். கூட்டிட்டுப் போங்க.”

“முழங்காலைப் பாருங்க. கட்டில் கால் உரசின சிராய்ப்பு இன்னும் ஆறல.”

சார்ஜன்ட் கால்சட்டையைத் தூக்கிப் பார்த்தார். சிராய்ப்பு இருந்தது. அவரும் சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை. இத்தாலிய அரசாங்கத்துக்கும் எங்கள் ஊருக்கும் ஒரே விஷயத்தில் சிரிப்பு வந்தது அன்றைக்குத்தான்.

“போ, மாப்பிள்ளை. பூனைக்குப் பால் வை” என்று விலங்கைக் கழற்றினார். லோயிஸ் சத்தமில்லாமல் ஒயின் கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

மேட்டுப் பாதையில் ஏறும்போது ஆம்ப்ரோஸ் விசும்பினார். “ஆயுசுல ஒரே ஒரு நாள் என்னை ருங்கர்னு கூப்பிட்டாங்க. அதையும் பிடுங்கிட்டியே, சென்சி. எவனோ தப்பாத் தகவல் சொன்னதால எனக்குக் கிடைச்ச மரியாதை அது.”

சென்சி முன்னாலும் பின்னாலும் பார்த்தாள். பாதையில் ஒருவரும் இல்லை. அவருடைய காலரைச் சரிசெய்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

“தகவல் சரிதாங்க. ருங்கர் நான்.”

எந்தக் கம்பம் சாய்ந்தாலும் உங்கள் வீட்டு விளக்கு அணையாமல் எரியட்டும், கண்ணுகளா.