ஆறுக்கு எத்தனை?

"ஏட்டி பிச்சம்மா, கண்ண மூடிட்டு ஒத்தக் கால்ல நில்லு. லேசா ஆடுனேன்னு வையி, உன்ன உள்ள விடவே மாட்டேன்!"

ஹம்னா சொன்னபடியே பிச்சம்மாள் ஒரு காலை மடக்கி, கண்ணை மூடி நின்றாள். குற்றாலத்துச் சாரல் தென்காசி மைதானம் வரை வந்து தெளித்துக்கொண்டிருந்தது. அவள் ஆடவில்லை. அவளுக்குப் பின்னாலிருந்த தென்னை மரங்கள்தான் ஆடின.

பெண்கள் கபடி இறுதிப் போட்டி. ஆட்டம் முடிய இரண்டே நிமிடம் இருக்கும்போது, ரெய்டு போன பிச்சம்மாளை நாலு பேர் சேர்ந்து தூக்கி எறிந்தார்கள். அவள் கோட்டைத் தாண்டிப் பறந்து வந்தாள். ணங்கென்று ஒரு சத்தம். அது ஹம்னாவுக்கு நன்றாக நினைவிருந்தது.

ஹம்னா அணியின் பிசியோ. வீட்டில் முதல் பட்டதாரி. போன வருஷம் தலையில் அடிபட்ட ஒரு பெண்ணை, "ஒண்ணுமில்ல, தண்ணியக் குடிச்சிட்டு ஆடு" என்று கோச் எபனேசர் உள்ளே தள்ளிவிட்டார். அந்தப் பெண் இரண்டு மாதம் வெளிச்சத்தையே பார்க்க முடியாமல் கிடந்தாள். அன்றிலிருந்து ஹம்னாவிடம் ஒரு தாள் உண்டு. தலைவலி, தலைசுற்றல், மறதி, எரிச்சல் என்று ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து ஆறு வரை மார்க். அடிபடாத நாளில் ஒரு தடவை போடுவாள், அடிபட்ட பிறகு ஒரு தடவை. இரண்டையும் ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

சாரலில் கண்ணாடி நனைந்து எழுத்து மங்கியதால், தாளைப் பிச்சம்மாளிடமே கொடுத்திருந்தாள்.

"தலவலி எத்தன?"

"சைபர்க்கா."

"தலசுத்து?"

"சைபர்."

"எல்லாம் சைபர்னா நான் நம்பிருவனா? காலு ஒடிஞ்சாலும் சைபர்னு சொல்லுத ஆளுகதான நீங்க! சரி, மெயினருவில இன்னைக்குக் குளிக்க விட்டாகளா?"

இன்று என்ன கிழமை என்று கேட்கச் சொல்லும் புத்தகம். சீசனில் தென்காசிக்காரிக்குக் கிழமை மறக்கும், இது மறக்காது.

"காலைல தடை. பதினோரு மணிக்குத் தொறந்துட்டாக."

"இப்ப அஞ்சு வார்த்த சொல்லுவேன், திருப்பிச் சொல்லணும். எலுமிச்சை..."

"எலுமிச்சை, சுரங்கம், புரோட்டா, தாம்பாளம், குரங்கு" என்று முடித்தேவிட்டாள் பிச்சம்மாள்.

ஹம்னாவுக்குச் சுர்ரென்று ஏறியது. பட்டியலை இன்று காலையில்தான் மாற்றியிருந்தாள். யாரிடமும் காட்டவில்லை.

"களவாணி! எம் பையத் தொறந்து பாத்தியாட்டி? பரீச்சைக்குத்தான் பேப்பரத் திருடுவாக, மண்டைக்குமா திருடுவாக?"

பிச்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"காரணமில்லாமச் சிரிக்கதும் அறிகுறிதான். குறிச்சுக்கோ!"

"குறிச்சுட்டேன்க்கா."

"மாநில டீம் கெடக்கட்டும், கப்பு கெடக்கட்டும். நீ ஆடக் கூடாது. யாரு வந்து சொன்னாலும் சரி!"

"சரிக்கா, ஆடல."

இத்தனை சுலபமாக யாரும் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. ஹம்னாவுக்குச் சந்தேகமாகவே இருந்தது. அதற்குள் எபனேசர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சீசன் கூட்டத்துல ஆட்டோ கிடைக்கதுக்குள்ள உசுரே போயிட்டு. வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ஹம்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வருஷச் சண்டை! "இப்பமாவது புத்தி வந்துச்சே சார்!" என்றவள், பிச்சம்மாளின் கையைப் பிடித்து ஆட்டோவுக்கு இழுத்துப் போனாள். "ஏறுட்டி."

"நீங்க மொதல்ல ஏறுங்கக்கா."

குனிந்து ஏறப்போன ஹம்னா அப்படியே நின்றாள். சீட்டில் மாலை போட்டுக்கொண்டு வெற்றிக் கோப்பை உட்கார்ந்திருந்தது.

"இது எப்படி...?"

"நம்ம ஜெயிச்சு அர மணி நேரம் ஆச்சுக்கா. நான் பறந்து வந்து விழுந்தது உங்க மேலதான். எம் முட்டி, உங்க மண்ட! அந்த அஞ்சு வார்த்தயும் இதோட நாலு தடவ கேட்டுட்டீய."

ஹம்னா தாளைப் பிடுங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். பெயர் என்ற இடத்தில், 'ஹம்னா அக்கா'. தலைசுற்றல் நான்கு, மறதி ஆறு. எரிச்சலுக்கு நேரே மட்டும் பிச்சம்மாள் விளக்கமாக எழுதியிருந்தாள்: 'ஆறு. ஆனா அடிபடாத நாள்லயும் ஆறுதான். வித்தியாசம் இல்லை.'