பாலம் சொல்லாத குரல்

லியாவ் ஷெங்-வென் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார். "இப்ப போனது ஆறுதானே?"

ஆறுதான். பக்கக் கண்ணாடியில் நானும் பார்த்தேன்.

சத்தத்தைத் தடுக்கிறோம் என்று சாலையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். சுவர் முடிந்த இடத்தில்தான் தண்ணீர் தெரிந்தது. அதற்குள் பாலமும் முடிந்துவிட்டது.

அவர் மடியில் அவருடைய அப்பாவின் பெயர் எழுதிய பலகை இருந்தது. கையில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. பின்னால், பெட்டிக்குள் அப்பா. தைச்சுங் ஆஸ்பத்திரியில் காலையில் இறந்தவரை ஹூவெய்யில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோகிறோம்.

"நான் கூப்பிடலையே!" ஐம்பது வயது ஆளின் குரல் உடைந்துபோனது. "அப்பா அந்தக் கரையிலேயே நின்னுட்டாரா?"

உடம்பை என் வண்டி சுமக்கும். உயிரை மகன்தான் கூப்பிட்டு அழைத்து வர வேண்டும், ஒவ்வொரு பாலத்திலும். கூப்பிடாவிட்டால் அது தண்ணீரைத் தாண்டாது. பூண்டு வயலே கதி என்று கிடந்த மனிதர். இந்தப் புதுச் சாலை அவருக்கு எப்படித் தெரியும்? தினமும் வண்டி ஓட்டுகிற எனக்கே தெரியவில்லை.

என் போனில் வழி சொல்கிற பெண்ணுக்கு எல்லாம் தெரியும். எங்கே போலீஸ் கேமரா, எங்கே பெட்ரோல், எந்தக் கடையில் ஒரு காபி வாங்கினால் இன்னொன்று இலவசம். பாலத்தை மட்டும் சொல்ல மாட்டாள்.

அந்தச் செயலியின் கருத்துப் பெட்டியில் வாரம் தவறாமல் எழுதுகிறேன். 'அமரர் ஊர்தி ஓட்டுகிறேன். பாலம் வருவதற்கு முன்னால் சொல்ல வையுங்கள்.' தங்கள் மேலான கருத்துக்கு நன்றி என்று பதில் வரும். அடுத்த வாரம் அதையே மறுபடி எழுதுவேன். நன்றி சொல்லிச் சொல்லி அவர்கள் வாய் வலிக்கட்டும். எனக்குக் கை வலிக்காது.

அடுத்த இறக்கத்தில் சாலையை விட்டு இறங்கினேன். சவ வண்டியை வந்த வழியே திருப்பக் கூடாது என்பார்கள். சொல்கிறவர்கள் வந்து இந்த மனிதரின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

"பாதை மாற்றப்படுகிறது" என்றாள் போன்காரி.

"மாத்திக்கோடி" என்றேன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய், வளைந்து, மறுபடி சாலையில் ஏறும்போது போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டேன்.

"கோ மேடம்தானே? மேப் ஆப் வாடிக்கையாளர் பிரிவுலேர்ந்து பேசறேன். என் பேர் ஜியென்."

சின்ன வயதுக் குரல். யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பது போலப் படித்தான். என் கோரிக்கையைப் பரிசீலித்தார்களாம். வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பாலமும் சாலைதானாம். அதனால் கோரிக்கையை மூடுகிறார்களாம். இனி அதையே எழுத வேண்டாமாம்.

"தாராளமா மூடு. சாயங்காலமே மறுபடி எழுதறேன்."

"மேடம், நாங்க வழி காட்டற கம்பெனி. இந்த மாதிரி..."

"ஒரு பாலத்தை விட்டுட்டோம். ஒரு ஆளை அந்தக் கரையில தனியா நிக்க வச்சுட்டோம். உங்க ஆப் வாயே தொறக்கல. இப்ப திரும்பி வந்து கூப்பிடப் போறோம். போனை வச்சுடாத. கேளு."

சுவர் தொடங்கும் இடம் தெரிந்தது. வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்த லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும். நடந்து போகிறவர் வேகத்துக்கு வண்டியைக் கொண்டுவந்தேன்.

லியாவ் ஜன்னலை முழுக்க இறக்கினார்.

"அப்பா! பாலம் வருது! நான்தான், ஷெங்-வென். பயப்படாம என் பின்னாடியே வாங்க. பாலம், அப்பா! வாங்கப்பா, வாங்க! தாண்டிட்டோம்! தாண்டிட்டோம், அப்பா!"

அவர் பலகையைக் கட்டிக்கொண்டு அழுதார். இத்தனை வருடமாகக் கேட்கிறேன், இன்னமும் எனக்குப் பழகவில்லை. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

சுவர் முடிந்தது. லாரிக்காரன் எங்களைத் தாண்டிப் போகும்போது வண்டியின் மேல் 'அமரர் ஊர்தி' என்று எழுதியிருந்ததைப் படித்திருப்பான். ஹாரனை நிறுத்திவிட்டான்.

போன்காரன் எப்போதோ வைத்திருப்பான் என்றுதான் நினைத்தேன். வைக்கவில்லை. மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

"என்ன, கேட்டியா? இதைப் போய் உங்க மேலதிகாரிகிட்ட படிச்சுக் காட்டு. ஓட்டறவங்களுக்குப் பாலமும் ரோடும் ஒண்ணாம்!"

"அக்கா." மேடம் போய்விட்டது. "திரும்பிப் போய்க் கூப்பிட்டா வருவாங்களா?"

"பெத்த பிள்ளை கூப்பிட்டா வராம இருப்பாங்களா?"

"ரொம்ப நாள் ஆயிருந்தாலும்?"

லியாவ் அழுகையை நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்தார். என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"யாருப்பா?"

"அம்மா. போன வருஷம், இதே ரோட்லதான் கூட்டிட்டு வந்தேன். கூப்பிட்டுக்கிட்டேதான்க்கா வந்தேன். வீட்டுக்கு வந்து, குறி கேக்கற கட்டையைப் போட்டுப் பாத்தோம். எத்தனை தடவை போட்டாலும் அம்மா வரலைன்னுதான் விழுந்துச்சு. வழியில ஏதோ ஒரு பாலத்தை விட்டிருக்கேன்."

"ஞாயித்துக்கிழமை கிளம்பி வா. நானே வண்டி எடுக்கறேன். உங்க கம்பெனியும் வேணாம், ஆப்பும் வேணாம். பாலத்து மேல வண்டியை நிறுத்தி, நீ தொண்டை கிழியக் கூப்பிடு. எவன் ஹாரன் அடிச்சாலும் நான் பாத்துக்கறேன். எந்தப் பாலம்னு மட்டும் சொல்லு."



"அதுதான்க்கா தெரியல. எங்க மேப்புலதான் தேடிப் பாத்தேன். எல்லாமே ரோடுன்னுதான் காட்டுது."