மேட்டுப் பாதையில் மோராக்

இதய ஆபரேஷனுக்குப் பிறகு ஃபெர்கஸ் நாற்காலியை விட்டு எழுவதே அபூர்வம். ஒருநாள் மனைவி இஷ்பெல் ஒரு நாயோடு வந்தாள்.

"காப்பகத்துல கிடைச்சுது, பேரு மோராக். சைக்கிளோட சேர்ந்து ஓடவே தெரியலை. நீதான் பழக்கணும்."

"எனக்கே நடக்க முடியலை. இதை வேற கட்டி அழணுமா?" என்று முனகிக்கொண்டே சைக்கிளை எடுத்தான்.

பைன் காட்டு மேட்டில் மோராக் கொஞ்ச தூரம் ஓடும், பிறகு நின்றுவிடும். "ஓடேன், சோம்பேறி!" என்று இரைக்க இரைக்கக் கத்துவான்.

பனி உருகி, புல் முளைத்தது. நாய் நிற்பதும் குறைந்தது. 'ஒருவழியா தேறிடுச்சு' என்று அலுப்போடு நினைத்துக்கொண்டான்.

அன்று மேட்டு உச்சியில், எதிரே சைக்கிளில் வந்த பெண் சடாரென்று பிரேக் போட்டாள்.

"அடடே, எங்க மோராக்! போன வருஷம் சைக்கிளோட நாய்ங்க ஓடுற பந்தயத்துல இவதான் முதல். கூட வர்றவங்க களைச்சா போதும், தானா நின்னுடுவா. யாரோ நோயாளிக்காகன்னு இஷ்பெல் இரவல் வாங்கிட்டுப் போனா. அவர் தேறிட்டாரா?"

ஃபெர்கஸ் நாயைப் பார்த்தான். அது வாலை ஆட்டியது.

"தேறிட்டு வர்றார். இன்னும் கொஞ்ச நாள் ஆகும்" என்றான்.

வீட்டில் இஷ்பெல் ஆவலாகக் கேட்டாள். "என்ன, நாய் பழகிடுச்சா?"

ஃபெர்கஸ் ஷூவைக் கழற்றியபடி பெருமூச்சு விட்டான்.

"எங்கே! சரியான மந்தம். நாளைக்கும் கூட்டிட்டுப் போகணும்."