கழுவின கால்

இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதன் நினைவாக, பெரிய வியாழன் பூசையில் சாமியார் கழுவுவதற்குப் பன்னிரண்டு பேரின் கால்கள் வேண்டும். பதினொரு பேர் வீட்டிலேயே வாசனை சோப்புப் போட்டுக் கழுவி, பவுடரும் பூசிக்கொண்டு வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். பன்னிரண்டாவது ஆள் வரவில்லை. கோயில் வாசலில் சாக்கடை அள்ளிக்கொண்டிருந்த இன்னாசியை, சாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கும் உபதேசியார் உள்ளே கூப்பிட்டார். கூப்பிட்ட பிறகுதான் அவன் காலைப் பார்த்தார்.

“குழாய்ல நல்லாக் கழுவிட்டு வாடே.”

“அதான் சாமி கழுவப் போறாருல்லா?”

“கழுவுன காலைத்தாம்டே சாமி கழுவுவாரு.”

இன்னாசி செங்கல் துண்டால் தேய்த்தான். ஒலிபெருக்கியில் பிரசங்கம் ஓடியது. நற்செய்தியை இந்தக் காலத்துக்கு ஏற்றபடி புதிதாகப் புரிந்துகொள்ள வேண்டுமாம். அழுக்கைத் தொடக் கூசுகிறவன் சீடனே இல்லையாம். பித்தவெடிப்பில் ஏறியிருந்த கறுப்பு மட்டும் போகவில்லை. திரும்பி வந்தபோது பன்னிரண்டாவது நாற்காலியில் உபதேசியாரே வேட்டியை நாசூக்காகத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

சாமியார் பேசின் நிறைய இருந்த தண்ணீரை மொண்டு ஒவ்வொரு காலிலும் மூன்று சொட்டு ஊற்றி, துண்டால் ஒற்றி எடுத்தார். முடிந்ததும் தன் கையை வேறு கிண்ணத்தில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டார். துண்டின் மடிப்புக்கூடக் கலையவில்லை.

“இதக் கொண்டுபோய்க் கொட்டுடே” என்று உபதேசியார் பேசினை இன்னாசியிடம் தள்ளினார்.

வாசலில் இறக்கி வைத்துப் பார்த்தான். தண்ணீர் குடிக்கலாம் போலத் தெளிந்து கிடந்தது. இன்னாசி சாக்கடையில் இறங்கி ஏறினான். இரண்டு காலையும் பேசினுக்குள் வைத்து நிதானமாகக் கழுவினான். பிறகு, தளும்பிவிடாமல் அதைத் தூக்கிக்கொண்டு பீடத்தை நோக்கி நடந்தான்.