தீர்ந்த மைல்கள்

"நாப்பதாயிரம் கெடக்கு மக்கா. அவியளுக்கு ஒரு டிக்கெட் எடுத்துத் தா."

தேவகனி, கணவனின் விமானக் கம்பெனிக் கணக்கைத் திறந்து தன் போனை மேசைமேல் வைத்துத் தள்ளினாள். புதுக்கடை சந்திப்பில் இருந்த அந்த டிராவல்ஸில் சுபிதா மட்டும்தான் இருந்தாள்.

தேவகனியின் கணவன் ஜான்ரோஸ் மஸ்கட்டில் ஒரு கம்பெனியின் தொழிலாளர் கேம்பைக் கவனித்துக்கொள்கிறவன். ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சபையில் மகளுக்குத் திடப்படுத்தல் சடங்கு. டிக்கெட்டுக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டான்.

சுபிதா போனைப் பார்த்தாள். "அக்கா, இது ஸ்டேட்டஸ் பாயிண்ட். இத வச்சு டிக்கெட் எடுக்க முடியாது. தனி கியூவுல போவலாம், பத்து கிலோ கூடக் கொண்டு போவலாம். டிக்கெட்டுக்கு ரிவார்டு மைல்ஸ் வேணும். அது முந்நூறுதான் இருக்கு."

"இதுல இருந்து அதுக்கு மாத்தக் கூடாதா?"

"முடியாதுக்கா. மைல்ஸ யாருக்கும் குடுக்கலாம். ஸ்டேட்டஸ் அவரே ஏறிப் பறந்தாத்தான் கூடும். வருசம் முடிஞ்சா பூஜ்யம்."

தேவகனி சிரித்தாள். "அவிய எங்க பறந்தாவ? மூணு வருசமா வரல்லியே!"

சுபிதா பயண விவரத்தைத் திறந்து பார்த்தாள். போனை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"காட்டு மக்கா."

இந்த வருடம் மட்டும் ஐந்து முறை திருவனந்தபுரம். வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். ஐந்து முறையும் கம்பெனி எடுத்த டிக்கெட், மறுநாளே திரும்பியிருக்கிறான்.

மைல்கள் தீர்ந்த விவரமும் அதில் இருந்தது. ஜூலையில், அவன் வந்த அதே விமானத்தில், இன்னொரு டிக்கெட். பயணியின் பெயர் ஜொஹரா பேகம். வருவதற்கு மட்டும், திரும்பிப்போக டிக்கெட் இல்லை.

தேவகனி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கர்த்தாவே, இப்படி நம்பிக் கெட்டேனே! பிள்ளைக்கிட்ட என்னத்தச் சொல்லுவேன்?"

சுபிதா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. "மொதல்ல அவருகிட்ட ஒரு வார்த்த கேளுங்கக்கா. பொறவு அழலாம்."

தேவகனி ஜான்ரோஸை அழைத்தாள்.

"இந்த வருசம் அஞ்சு தடவ வந்தியளா?"

"வந்தேன்."

"எங்களப் பாக்கணும்னு தோணல்லியா?"

"தோணிச்சு. அப்படி வந்துட்டு நம்ம வீட்டுப் படி ஏற மனசு வரல்ல."

"யாரு அந்த ஜொஹரா? அவள எங்க கூட்டிட்டுப் போனிய?"

"தேங்காப்பட்டணத்துல அவளுக்க வீட்டுக்கு." என்றான் ஜான்ரோஸ். "கம்பெனி அவளுக்கு டிக்கெட் தரல்ல. அதான் என் மைல்ஸக் குடுத்தேன்."

"உங்களுக்கு மட்டும் அஞ்சு தடவ தந்துதோ?"

"அஞ்சு தடவையும் கேம்புல செத்தவங்களுக்க சவத்துக்குத் துணையா வந்தேன், ஏட்டி. ஜூலையில பெட்டியில வந்தது அவளுக்க புருசன்."